கையெழுத்திடும் கையைத் தேர்ந்தெடுக்கும் அறை

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை ஊராட்சியில் பிறக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பிள்ளை மேலே படிக்க வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். பிற வகுப்பாருக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அந்த வேலை முடிந்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் வருவாய்க் கோட்டாட்சியரின் கையெழுத்து தேவை. அவருடைய அலுவலகம் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்தில். அந்த நாற்காலியில் நேரடித் தேர்வில் வந்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் ஒன்று மாநிலத் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வு எழுதி வந்த துணை ஆட்சியர், இல்லையென்றால் ஐ.ஏ.எஸ். முடித்து வந்த சார் ஆட்சியர். இருவருமே கடைசியில் ஒரு நேர்முகத் தேர்வு அறையைக் கடந்து வந்தவர்கள். அந்த அறையில் யார் தேறுகிறார்கள் என்பது, அந்த அறையைப் பார்த்தே இராத மலைக் குடும்பத்தைப் பாதிக்கிற விஷயம்.

இந்த மலைக்கு முதலில் வந்த அதிகாரிகளுக்கு அப்படியோர் அறை இருக்கவில்லை. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்து, சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆள். அன்று லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர்தான் அதிகாரி. உறவும் செல்வாக்குமே தகுதி. ஆனால் சென்னையில் இறங்கியதும் ஒரு சோதனை காத்திருந்தது. கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் 1812ல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இளம் சிவிலியன்கள் தமிழோ தெலுங்கோ படித்துத் தேற வேண்டும். ஆளப்போகிற மக்களின் மொழி தெரியாமல் வரி வசூலிக்க முடியாது என்பது கம்பெனிக்கே தெரிந்திருந்தது.

மெக்காலே குழுவின் அறிக்கை 1854ல் வந்தது; மறு ஆண்டே லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. சிபாரிசின் இடத்தை விடைத்தாள் பிடித்தது. சத்யேந்திரநாத் தாகூர் 1863ல் முதல் இந்தியராகத் தேறியதற்கு அந்த விடைத்தாள்தான் காரணம். இயக்குநர்களின் கையில் விட்டிருந்தால் அவர் பெயர் பட்டியலுக்கு வந்திருக்காது. எதிரே உட்கார வைத்து ஆளை எடைபோடும் நேர்முகம், தனி மதிப்பெண்ணோடு, முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ஐ.சி.எஸ். தேர்வில் இடம்பெற்றது. முன்வாசலில் வெளியேற்றிய 'நம்ம ஆள்' என்ற எண்ணம் அந்த வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுதந்திரம் வந்த சூட்டோடு நடந்த 1950ஆம் ஆண்டுத் தேர்வைப் பாருங்கள். வங்காளத்தைச் சேர்ந்த அச்சுதானந்த தாஸ் ஐ.ஏ.எஸ்.ஸுக்குத் தேர்வான முதல் தலித். எழுத்துத் தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண், ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பிடித்த சென்னை மாநிலத்து என். கிருஷ்ணனைவிட அதிகம். நேர்முகத்தில் 300க்குக் கிருஷ்ணனுக்கு 260, தாஸுக்கு 110. பட்டியலில் தாஸின் பெயர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கிருஷ்ணனின் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பெயர் தெரியாத விடைத்தாளாக இருந்தபோது முன்னால் நின்ற ஒருவர், முகத்தைக் காட்டியதும் 150 மதிப்பெண் பின்னால் போனது ஏன் என்று இந்த நாடு இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

அதே காலத்தில் அதே மத்தியத் தேர்வாணையத்தின் முன் போய் உட்கார்ந்தார் கேரளத்தில் பிறந்த அன்னா ராஜம். ஆணையத் தலைவர் ஆர்.என். பானர்ஜியும் மற்ற உறுப்பினர்களும் அவருக்கு அறிவுரை சொன்னார்கள்: வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோதான் பெண்களுக்குப் பொருந்தும், ஆட்சிப் பணி வேண்டாம். அவர் அசையவில்லை. சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. சில ஆண்டுகளில் விதி மாறியது. முதலமைச்சர் ராஜாஜிக்கும் ஒரு பெண்ணை மாவட்டத்துக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அன்னா ராஜம் வாதாடி வாங்கிய இடம், ஓசூர் சார் ஆட்சியர் பதவி. ஓசூர் அன்று சேலம் மாவட்டம். ஏற்காடு இருக்கும் அதே மாவட்டத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி சார் ஆட்சியராக வேலை பார்த்தார். தேர்வு அறையில் இருந்த பெரியவர்களின் கணிப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு, பின்னாளில் நவ சேவா துறைமுகத்தை எழுப்பும் பொறுப்புவரை அவர் வகித்ததும் 1989ல் பெற்ற பத்ம பூஷணும் சாட்சி.

அந்த அறையின் அதிகாரத்தைக் குறைத்ததெல்லாம் வெளியிலிருந்து வந்த நிர்ப்பந்தம். தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை நேர்முகத்தில் மதிப்பெண் வழங்கிய விதத்தை 1970ல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஹரியாணா அரசுப் பணித் தேர்வு பற்றிய அசோக் குமார் யாதவ் வழக்கில், 1985ல், நேர்முகத்தின் பங்கு 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. அன்று மத்தியத் தேர்வாணையம் வைத்திருந்த அளவு அது. இன்று அதே ஆணையம் 2025 மதிப்பெண்ணில் 275ஐ நேர்முகத்துக்கு ஒதுக்குகிறது, ஏறக்குறைய 13.6 சதவீதம். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் பல இடங்கள் மேலும் கீழும் போகிற பட்டியலில், ஒருவர் ஆட்சியராவாரா வேறு பணிக்குப் போவாரா என்பதை அரைமணி நேரப் பேச்சு தீர்மானித்துவிடும்.

நேர்முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசு 2016 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு அதை நீக்கியது சரியான முடிவு. ஆனால் கலவரத்தின் நடுவிலும் வெள்ளத்தின் நடுவிலும் முடிவெடுக்க வேண்டியவரை ஒருமுறையாவது எதிரே உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வழக்கு இருப்பது, அங்கே எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான். நிமிர்ந்து உட்கார்வது, தடங்கலில்லாத பேச்சு, பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்குச் சாமர்த்தியமான பதில் இவையெல்லாம் நகரத்து வீடுகளிலும் நல்ல பள்ளிகளிலும் தானாகவே படிந்துவிடும். எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் தாயின் மகள் அதைக் காசு கொடுத்துப் பயிற்சி மையத்தில் கற்க வேண்டியிருக்கிறது. வயநாட்டின் குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீதன்யா 2018ஆம் ஆண்டுத் தேர்வில் 410ஆம் இடம் பெற்றார். நேர்முகத்துக்கு தில்லி போகவே நண்பர்களிடம் கடன் வாங்கியதாக அவரே சொன்னார்.

முதன்மைத் தேர்வைச் சென்னையில் எழுதலாம். நேர்முகத்துக்கு மட்டும் நாடு முழுவதிலிருந்தும் தில்லி ஷாஜகான் சாலைக்குப் போக வேண்டும். தமிழில் பதில் சொல்ல அனுமதி உண்டு. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பேசுகிறவரின் தயக்கமும் உறுதியும் இன்னொருவர் குரல் வழியாகப் போனால் எதை வைத்து ஆளுமையை அளப்பார்கள்? குழு சென்னைக்கு வரட்டும். அதில் தமிழ் தெரிந்தவர்கள் உட்காரட்டும். கேள்வியும் மாறட்டும். காட்டோரம் மூன்று தலைமுறையாகப் பயிர் செய்யும் குடும்பம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மனுக் கொடுத்திருக்கிறது. கிராம சபை சரி என்கிறது, வனத்துறை மறுக்கிறது. கோப்பைக் கையில் கொடுத்து, முதலில் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்று விசாரிக்கட்டும். மலைப் பிள்ளைக்கு அதற்குப் பயிற்சி மையம் தேவைப்படாது.

தில்லி இதைச் செய்யும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. மாகாணங்களிலேயே முதலாவதாக 1929ல் தேர்வாணையம் அமைத்தது சென்னை. குரூப் 2 பணிகளுக்கு நேர்முகத்தை அண்மையில் கைவிட்டதும் நம் ஆணையம்தான். துணை ஆட்சியர்களைத் தேர்ந்தெடுக்கும் குரூப் 1 நேர்முகத்தில் என்ன கேட்பது, யாரை உட்கார வைத்துக் கேட்பது என்பதை அடுத்த அறிவிக்கையிலேயே அது மாற்றி எழுதலாம்.