மரவள்ளிக்கு டி.ஏ.பி. கொட்டும் முன்...

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி நடுவோர், டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கும் முன் சற்று யோசியுங்கள். மரவள்ளி வேர் தடித்தது, வேர்த்தூவிகள் குறைவு. மண்ணில் நகராமல் கிடக்கும் மணிச்சத்தை அது தனியாக எட்டிப்பிடிக்காது. ‘வேம்’ என்று விற்கப்படும் வேர் உட்பூசணம், நூல் போன்ற இழைகளை நீட்டி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து தருகிறது. கூலி, செடி தரும் சர்க்கரை. மணிச்சத்தை அள்ளிக் கொட்டினாலோ, செடி இந்தக் கூட்டாளியை ஒதுக்கிவிடும், காசும் போச்சு. மண் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் எல்லா வயலுக்கும் ஒரே அளவு சொல்வதை விரிவாக்கப் பணியாளர்களும் விட வேண்டும். வேம் வாங்கினால் மேலாகத் தூவாதீர்கள். கரணை ஊன்றும் குழியில், வேர் தொடும் இடத்தில் இடுங்கள். முட்டைக்கோசு, கடுகுக்கு வாங்கவே வேண்டாம். அந்த வேர்களில் இது ஒட்டாது.