சுருண்டு விழவைக்கும் பீரியட்ஸ் வலி... `ஸ்கேன் நார்மல்' என்றால் எல்லாம் நார்மலா?

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மீட்டிங் நடுவே எழுந்து ரெஸ்ட்ரூம் போனவள், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. இரண்டு முறை வாந்தி. தேடி வந்த சீனியர் அக்கா, ``என்ன சாப்பிட்ட?'' என்றார். ``பீரியட்ஸ்க்கா'' என்றேன். ``அதுக்கா இவ்ளோ?'' என்றார்.

எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு இவ்ளோதான். அம்மா வெந்தயம் போட்ட மோர் கொடுப்பார். பாட்டி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துவிட்டு, ``கல்யாணமாகி ஒரு புள்ள பெத்தா சரியாயிடும்'' என்பார். களி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, செம டேஸ்ட். வலிதான் போகவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ``கல்யாணம் ஆயிடுச்சா?'' என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேன் எடுத்தார்கள். ``நார்மல். ஒண்ணுமில்லம்மா'' என்று அனுப்பிவிட்டார்கள். நான்தான் ஓவராக்ட் செய்கிறேனோ என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

ஜூன் சம்பவத்துக்குப் பிறகு வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட கேள்விகளே வேறு. பீரியட்ஸுக்கு எத்தனை நாள் முன்பு வலி தொடங்குகிறது, வருடா வருடம் கூடுகிறதா, மோஷன் போகும்போது வலிக்கிறதா, எத்தனை நாள் லீவ் போடுகிறாய்... மூன்றாவது கேள்விக்கு நான் `ஆமாம்' சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான். கருப்பையின் உள்சவ்வு உரியும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. குடல்வரை அதன் வேலை நீள்வதால்தான் சிலருக்கு வாந்தி, லூஸ் மோஷன். இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைப்பவை. அதனால், `தாங்க முடியாதபோது போட்டுக்கலாம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல், வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். அதற்காக மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கக் கூடாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு இவை ஆபத்தாகலாம். மெஃபனமிக் ஆசிட் அரிதாகத் தீவிர அலர்ஜியை ஏற்படுத்தலாம் என 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஹாட் வாட்டர் பேக் ஒத்தடத்துக்கு இந்தப் பயமெல்லாம் இல்லை, நிஜமாகவே உதவும்.

இன்னொரு வகை வலி உண்டு. கருப்பை உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். என் பழைய `நார்மல்' ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

வலி நிவாரணி கேட்காத வலி, மாதாமாதம் கூடும் வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, தாம்பத்யத்தின்போது வலி... இவை இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பீரியட்ஸ் தள்ளிப்போய் அடிவயிற்றில் திடீரென்று கடுமையாக வலித்தால் அன்றைக்கே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். கல்யாணமாகாத பெண்கள் `உள்ளே பரிசோதிப்பார்களோ' என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் குடித்து, வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுப்பார்கள். போகும் முன்பு இரண்டு மூன்று மாதத்துக்கு வலித்த நாள், பத்துக்கு எத்தனை மார்க் வலி, போட்ட மாத்திரை என்று போனில் குறித்துவையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், அனுபவம்.

எனக்கு இப்போது ஹார்மோன் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் பத்துக்கு நாலு. ஆபீஸ் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தார். சித்தி பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள், மாதம் மூன்று நாள் ஸ்கூலுக்குப் போவதில்லையாம். ``அந்த டாக்டரம்மா நம்பரைக் கொஞ்சம் அனுப்புடி'' என்றார்.