வைரம் யார்ட பையில இருந்திச்சி?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறவர்களும், சங்கம் கழகம் என்று ஓடித் திரிகிறவர்களும் முழுதாக வாசித்தால் நல்லம். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இஷா முடிந்து வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கிறேன், ராத்தாவின் மகன் வாசலில் நிற்கிறான். "மாமா, ஒருக்கா வாங்க. நீங்க கணக்கீடு படிப்பிக்கிறதானே, ஒரு பிரச்சினையத் தீர்த்துத் தாங்க."

அவர்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பொடியன்கள். ஓ.எல். எழுதி முடித்தவர்கள். நடுவில் கையால் கீறிய வரைபடம், இருபது பக்கமுள்ள பகடைக்காய், ஆளுக்கொரு தாள். இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவனுக்குக் கண் சிவந்திருந்தது.

அவர்கள் விளையாடுவது டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். குகைக்குள் போவார்கள், பூதத்தோடு சண்டை பிடிப்பார்கள், புதையல் எடுப்பார்கள். எல்லாம் வாயால்தான். 1974இல் கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. அடிப்படை விதிகளை இன்று சும்மா தரவிறக்கலாம். (பகடை உருட்டுவது கூடுமா கூடாதா என்று கொமென்டில் தொடங்க வேண்டாம். அதை ஆலிம்களிடம் கேளுங்கள். காசு வைத்து ஆடவில்லை என்பதை மட்டும் நான் உறுதிப்படுத்திக்கொண்டேன்.)

பிரச்சினை இதுதான். சண்டையில் ஒருவனின் பாத்திரம் இறந்துவிட்டது. விதியின்படி, இறந்து ஒரு நிமிடத்துக்குள் அவனை மீட்க ஒரு மந்திரம் உண்டு. கதைதான், அதை விடுங்கள். அந்த மந்திரத்துக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும், மந்திரம் சொன்னதும் அது அழிந்துவிடும். அப்படி ஒரு வைரம் தங்களிடம் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் யாருடைய தாளிலும் இல்லை. "அது அவன்ட பையில இருந்திச்சி." "இல்ல சேர், நான் தொடவே இல்ல." நாலு மாதமாக வளர்த்த பாத்திரம் அங்கேயே முடிந்தது.

பிறகு வந்ததுதான் கெட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் அந்த விளையாட்டில் எடுத்திருந்தது கள்ளன் பாத்திரம். பூட்டு உடைப்பது, பொறி கழற்றுவதெல்லாம் அவன் வேலை. முந்திய வாரம் நகரத்தில் புதுக் கவசம் வாங்கியிருக்கிறான். கள்ளன், புதுக் கவசம், காணாமல் போன வைரம். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பாத்திரத்தைக் கள்ளன் என்று சொல்லத் தொடங்கி, பத்து நிமிடத்தில் பிள்ளையையே கள்ளன் ஆக்கிவிட்டார்கள். கண் சிவந்திருந்தது அவனுக்குத்தான்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எழுதினது எங்க?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அதெல்லாம் எழுதினா போரடிக்கும் சேர். இப்ப ஒருத்தரும் எழுதுறல்ல."

இதைக் கேட்டு எனக்கு உறைத்ததால்தான் இந்தப் பதிவு. அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்த விளையாட்டின் பழைய விதிகளையும் புதிய விதிகளையும் தேடி வாசித்தேன். எழுதுவது போரடிக்கும் என்கிறார்கள், ஆனால் ஒருகாலத்தில் விளையாட்டே அந்த எழுத்தில்தான் இருந்திருக்கிறது.

1981இல் வந்த பேசிக் பதிப்பில், குகையிலிருந்து வெளியே கொண்டு வந்த புதையலில் ஒவ்வொரு பொற்காசுப் பெறுமதிக்கும் ஒரு அனுபவப் புள்ளி. ஒரு கொப்ளினை வெட்டிச் சாய்த்தால் கிடைப்பது வெறும் 5 புள்ளி, அதையும் குழு பிரித்துக்கொள்ள வேண்டும். போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை விட, சண்டையே பிடிக்காமல் பெட்டியை வெளியே கொண்டு வருகிறவன்தான் கெட்டிக்காரன். கொண்டு வருவதும் லேசில்லை. சுமையின் அளவே காசுதான். 400 காசின் பாரம் வரை ஒரு தடவைக்கு 120 அடி நடக்கலாம், 800ஐத் தாண்டினால் 30 அடி, 1,600க்கு மேல் தூக்கவே முடியாது. ஆயுதமும் கவசமும் அந்தக் கணக்குக்குள்தான். பின்னால் பூதம் துரத்துகிறது, முதுகில் செப்புக்காசு மூட்டை. போடுவதா, சுமப்பதா? இதை விடப் பதற்றமான கதை எங்கே இருக்கிறது?

இப்போதைய விதியிலும் 50 காசு ஒரு இறாத்தல் நிறை. 100 செப்புக்காசு சேர்ந்தால்தான் ஒரு பொற்காசு. 2,000 செப்புக்காசு கண்டெடுத்தால் 40 இறாத்தல் சுமந்து 20 பொற்காசுதான் மிச்சம். அதே 40 இறாத்தல் பொற்காசு என்றால் 2,000. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோசத்தை நான் விறாந்தையில் பார்த்தேன். பதினைந்து வருசமாகக் கரும்பலகையில் எழுதியும் என் வகுப்பில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிறகு என்ன நடந்தது? 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, காசுக்குப் புள்ளி என்பதை விரும்பினால் மட்டும் பாவிக்கும் விதியாக ஆக்கிவிட்டது. காசை எண்ணுவதற்கு இருந்த பெரிய காரணம் போனது. காரணம் போனால் பழக்கமும் போகும்தானே. இன்று பலர் "பையில் நிறையக் காசு இருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லா விளையாட்டும் எண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளேட்ஸ் இன் த டார்க் என்று ஒன்று இருக்கிறது. அதில் கையில் 4 'காசு' மட்டும் வைக்கலாம், மிச்சம் சேமிப்புக்குப் போய்விடும், சில்லறைக் கணக்கே இல்லை. அந்த விளையாட்டைச் செய்தவர் யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார். எண்ண வேண்டிய விளையாட்டை எடுத்துக்கொண்டு எண்ணாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. 300 பொற்காசு வைரம் ஒரு உயிரைத் தீர்மானிக்கிறது என்று விதி சொல்லும்போது, அந்த வைரத்தை எழுதாமல் விடுவது எப்படி?

ஒரு சிரிப்பான விசயம். கைகெக்ஸ் எழுதிய 'த கீப் ஒன் த போர்டர்லேன்ட்ஸ்' என்ற பழைய சாகசத்தில் கோட்டைக்குள் ஒரு கடன் வங்கி வருகிறது. மாதம் 10 வீத வட்டி. 5 பொற்காசுக்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பெறுமதியான பொருளை அடகு வைக்க வேண்டும். பூதத்தை விட இந்த வங்கிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பொடியன்களிடம் சொன்னேன்.

நண்பர் ஒருவர், கணித ஆசிரியர், கேட்டார்: "விளையாட்டிலயும் காசேடா? நீங்க பாடசாலையில குடுக்கிற தலையிடி காணாதா?" அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் வாப்பா ஒரு சங்கத்தின் பொருளாளராக இருந்தவர். எந்தச் சங்கம் என்பது வேண்டாம், அந்தக் காலத்து ஆட்கள் பலர் இப்போது மௌத்து. சேர்ட்டின் இடது பொக்கெட்டில் சங்கக் காசு, வலது பொக்கெட்டில் வீட்டுக் காசு. ஒருநாளும் கலக்கமாட்டார். ஆனால் எழுதமாட்டார். "ஞாபகத்தில இருக்கு" என்பார். ஒரு வருசக் கூட்டத்தில் பதினோராயிரம் ரூபா குறைந்தது. யாருக்கோ அவசரத்துக்குக் கொடுத்திருக்கிறார், வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விட்டார், துண்டு இல்லை. வாப்பா உம்மாவின் ஒரு சோடி வளையலை விற்று அந்தக் காசைக் கட்டினார். கட்டியதுதான் பிழையாகப் போய்விட்டது. "எடுக்காட்டி ஏன் கட்டுறார்?" என்று கதைத்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றிய சூரா பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனின் மிக நீளமான வசனம், வாப்பாவுக்கு மனப்பாடம். அது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அந்த விறாந்தையில் கண் சிவந்து நின்ற பிள்ளையில் நான் யாரைப் பார்த்தேன் என்று இப்போது விளங்கும்.

அடுத்த நாள் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்தேன். பெரிய வித்தையில்லை. திகதி, எங்கே கண்டது, என்ன, எத்தனை, யார் சுமக்கிறது, கடைசியில் என்ன ஆனது. பேனையால் எழுத வேண்டும். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. பெறுமதி தெரியாத கல்லை "நீலக் கல், பெறுமதி தெரியாது" என்றே எழுத வேண்டும், நாமாக ஒரு விலை போடக் கூடாது. விற்றால் விற்ற விலை. பொதுவில் சேர்ந்ததற்குத்தான் கொப்பி, அவரவர் பங்கு கைக்கு வந்த பிறகு அது அவர் பாடு. அதில் மூக்கை நுழைத்தால் விளையாட்டு செத்துவிடும்.

யார் எழுதுவது என்றதும் எல்லோரும் கதை நடத்துகிற பொடியனைக் காட்டினார்கள். நான் விடவில்லை. அவன் தான் கொடுத்ததைத் தன் கொப்பியில் எழுதட்டும், இவர்கள் வாங்கியதை இவர்கள் எழுதட்டும். மாதத்தில் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வங்கிக் கணக்கிணக்கம் மாதிரி, எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். செயலிகளிலும் குழுப் பொருளை எழுத இடம் இருக்கிறதாம், பாவியுங்கள். ஆனால் எழுதியதை விளையாட்டு முடிந்து எழும்புவதற்கு முன் ஒருவன் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் "ஓம்" சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை.

பங்கு பிரிப்பதில் இன்னும் இழுபறிதான். நாலு பாத்திரம், ஐந்து பங்கு, ஐந்தாவது பொதுச் செலவுக்கு என்று முடிவாகியிருக்கிறது. மந்திர வாளை எடுத்தவன் காசில் குறைத்து எடுக்க வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி. குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. "வாள் எல்லாரையும் காப்பாத்துதுதானே மாமா" என்கிறான் மருமகன். அவனிடமும் நியாயம் இருக்கிறது. இறந்தவனின் பங்கு யாருக்கு என்பதையும் கேட்டார்கள். முதலில் அவன் கடனைக் கழியுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம் என்றேன். சிரித்தார்கள், ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

வைரத்துக்கு வருகிறேன். அன்றிரவே கதை நடத்துகிற பொடியனின் பழைய கொப்பியைப் புரட்டச் சொன்னேன். மூன்றாவது வாரத்துப் பக்கத்தில் இருந்தது: மேசை லாச்சிக்குள் வைரம், 300. இவர்கள் லாச்சியைத் திறந்து பார்த்த அதே நேரம் கதவை உடைத்துக்கொண்டு எதிரிகள் வந்திருக்கிறார்கள். சண்டை பத்து மணி வரை போயிருக்கிறது. உம்மாமார் கூப்பிட, கொப்பிகளை மூடிவிட்டு ஓடியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கதை வேறு அறையில் தொடங்கியிருக்கிறது. கல்லைக் கண்டது எல்லோரும். "நான் எடுக்கிறேன்" என்று ஒருவனும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இறந்த பாத்திரத்துக்குச் சொந்தக்காரன்தான் முதலில் எழும்பி, அந்தப் பிள்ளையின் தோளில் கை போட்டு, "சொரிடா மச்சான்" என்றான். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை, பகடையை எடுத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வயதில் அவ்வளவுதான் வரும்.

இப்போது கொப்பி எழுதுவது கள்ளன் பாத்திரம் எடுத்த அதே பிள்ளை. நான் சொல்லவில்லை, அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். இறந்தவன் புதுப் பாத்திரம் ஒன்று செய்துவிட்டான். வைரம் இன்னும் அந்த லாச்சிக்குள்தான் கிடக்கிறதாம். வருகிற வெள்ளி இஷாவுக்குப் பிறகு அதை எடுக்கப் போகிறார்கள்.