தரிசு என்னும் சொல்லும் ஒரு சிறு தவளையும்

கர்நாடக மாநிலத்தின் உடுப்பி மாவட்டத்தில், மணிப்பால் நகரைச் சுற்றிச் செம்பூராங்கல் மேட்டு நிலங்கள் பல உள்ளன. கோடையில் அவற்றைக் காண்போர்க்கு வெறும் பாறையும் காய்ந்த புல்லுமே தென்படும். இத்தகைய நிலங்கள் பயனற்ற கற்பாறைத் தரிசு எனக் கணக்கிடப்படுவது வியப்பன்று. எனினும், அக்கணக்கு முழுமையானதுதானா என்பது ஆராயத்தக்கது.

ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கியதும் பாறைப் பள்ளங்களில் நீர் தேங்கிச் சிறு குட்டைகள் உண்டாகின்றன. இரவில் அவற்றின் ஓரங்களிலிருந்து சிள்வண்டின் ஒலியை ஒத்த ஓர் ஒலி எழுகிறது. அதை எழுப்புவது வண்டன்று, ஏறக்குறைய 1.6 சென்டிமீட்டர் நீளமே உள்ளதும், வெளிர் பழுப்பு உடலில் கறுப்புக் குறிகளை உடையதுமான ஒரு குறுவாய்த் தவளையாகும். பல்கலைக்கழகம் ஒன்று அமைந்துள்ள நகரின் அருகிலேயே வாழ்ந்தும், இத்தவளை 2016-ஆம் ஆண்டில்தான் தனி இனமாக விவரிக்கப்பெற்றது. மைக்ரோஹைலா லேட்டரைட் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். செம்பூராங்கல் நிலத்தின்மீது மக்களின் கவனம் திரும்பவேண்டும் என்னும் நோக்கத்துடனேயே அந்நிலத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது.

முட்டை தலைப்பிரட்டையாகி, கால் முளைத்துக் கரையேறும் வரையில் குட்டையில் நீர் நிற்றல் வேண்டும். கல் வெட்டுவதாலோ, குப்பை கொட்டுவதாலோ பள்ளம் அழிந்துபடின், அவ்விடத்தில் அத்தவளையின் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை. அது வாழும் பரப்போ மிகச் சிறியது.

அப்பகுதியில் வீடு கட்டுவதற்குச் செம்பூராங்கல் இன்றியமையாதது என்பது உண்மையே. ஒவ்வொரு பாறையையும் தொடாது விட்டுவிட வேண்டும் என எவரும் வற்புறுத்தார். ஆயினும், எதைத் தொடலாம், எதை விடவேண்டும் எனத் தீர்மானிப்பதற்கு முன் நிலத்தை அறிதல் வேண்டும். கோடையில் மட்டும் கண்டு ஒரு நிலத்தைத் தரிசு எனப் பதிவது பாதி உண்மையைப் பதிவதேயாகும்.

ஆகவே, கள ஊழியர்கள் பாறை நிலங்களைக் கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் பார்வையிடுதல் நலம். நீர் நிற்கும் பள்ளங்களைத் தம் குறிப்பேட்டில் தனியே குறித்துக்கொள்ளலாம். ஆசிரியர்களும் தத்தம் ஊரிலுள்ள மழைக்குட்டைகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, தலைப்பிரட்டைகளைப் பிடிக்காமல் பார்க்கவும், எத்தனை நாள் நீர் நிற்கிறதென எழுதிவைக்கவும் பழக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு சொல்லைப் பதிவேட்டில் எழுதுமுன் இருமுறை பார்க்கும் பொறுமையே வேண்டும்.