சாட்சி சொல்லும் கைத்தொலைபேசி

பழைய ஏற்பாட்டில் வழக்கு விசாரணை பற்றிய பகுதிகளை நம்மில் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறோம். உபாகமத்தின் 19ஆம் அதிகாரம் அவற்றுள் ஒன்று. ஒரேயொருவரின் வாய்ச்சொல்லை வைத்து எவரையும் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று அது விதிக்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவன், பிறனுக்குச் செய்ய நினைத்த தீங்கைத் தானே அனுபவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. வந்த செய்தியை வாசித்து முடிக்கும் முன்னரே ஐந்து பேருக்கு அனுப்பிவிடுகின்ற இக்காலத்து இளைஞர்களுக்கு (பெரியவர்களாகிய நமக்குந்தான்) இந்த அதிகாரம் மிகவும் அவசியமானது.

இளைஞர்கள் இணையத்தைச் சமூக நன்மைக்காகப் பயன்படுத்த வேண்டும் என ஆலய மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. எவ்வாறு என்று கேட்டால், ஞாயிறு பிரசங்கத்தைப் பதிவேற்றுவது, காலையில் ஒரு வசனத்தைப் பூப்படத்தோடு அனுப்புவது என்பவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவை தவறானவையல்ல. ஆயினும், அவற்றால் ஒரு கிராமத்தின் வாழ்வு மாறிவிடுவதில்லை. சமூகத்தை மாற்றுகின்ற பணி வேறொன்று. கண்டதைக் கண்டபடி, சரிபார்த்து, பாதிக்கப்பட்டவனின் மொழியிலே சொல்வதே அப்பணி. வேதாகமம் இதற்கு வைத்திருக்கும் பெயர் சாட்சி.

இந்தச் சொல்லையே தன் பெயராகக் கொண்ட ஓர் இணையத்தளம் ஆபிரிக்காவில் உண்டு. 2007 டிசம்பர் 27ஆம் திகதி கென்யாவில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. முடிவு அறிவிக்கப்பட்டதும் இனக்கலவரம் மூண்டு ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நேரடி ஒளிபரப்புகளை அரசு தடைசெய்திருந்ததால் எங்கே என்ன நடக்கிறது என்பது மக்களுக்குத் தெரியவில்லை. அந்நிலையில் ஓரி ஒகொல்லோ என்னும் இளம் பெண் சட்டத்தரணி, வன்முறை நடக்கும் இடங்களை வரைபடமொன்றில் குறித்துக் காட்ட எவரேனும் உதவ முடியுமா என்று இணையத்தில் கேட்டார். கணினி அறிந்த சில நண்பர்கள் முன்வந்தனர். சில நாட்களுக்குள், 2008 ஜனவரியில், அந்தத் தளம் உருவாயிற்று. சாதாரண மக்கள் குறுஞ்செய்தி மூலமும் இணையம் மூலமும் அனுப்பிய தகவல்கள் இயன்றவரை சரிபார்க்கப்பட்டு வரைபடத்தில் ஏற்றப்பட்டன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் உஷாஹிடி. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்பதே பொருள்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2010 ஜனவரி 12இல், ஹெய்ட்டியைப் பூகம்பம் தாக்கியபோது அதே தளம் மீண்டும் கைகொடுத்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இரவுபகலாக அமர்ந்து, உதவி கோரிய செய்திகளை வரைபடத்தில் குறித்தனர். ஆனால் செய்திகள் பெரும்பாலும் கிரியோல் மொழியிலே வந்தன. மீட்புப் பணியாளர்களுக்கோ அம்மொழி தெரியாது. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்களே அவற்றை உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கொடுத்தனர். வரைபடம் இடிபாடுகளைத் தூக்கி எறிந்துவிடாது என்பது உண்மையே. வந்த செய்திகள் எல்லாவற்றுக்கும் உதவி போய்ச் சேர்ந்தது என்று சொல்லவும் முடியாது. இருப்பினும், எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

இதற்கு நேர்மாறான அனுபவம் நம் நாட்டில் உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில், உணவில் மலட்டுத்தன்மை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாகச் சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்வி சரியாக விளங்காத நிலையில் கடைக்காரர் தலையசைத்தார். அந்தக் காட்சி ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் பரவிற்று. அது வெறும் மாவுக்கட்டியே என்று இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறியது. அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை. ஆனால் உண்மை வந்து சேரும் முன்னரே அன்றிரவு பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. மறுவாரம் திகனையில் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, இத்தகைய பதிவுகளே எண்ணெய் வார்த்தன. அவசரகால நிலை பிரகடனமாகி, மார்ச் 7இல் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்தவை எரிந்தவையே.

கென்யாவில் இருந்த அதே கருவிதான் அம்பாறையிலும் இருந்தது. ஓரிடத்தில் பல சாட்சிகளைத் தேடினார்கள். மற்றோரிடத்தில் ஒரு தலையசைப்பே போதுமென்று எண்ணினார்கள். மொழி விளங்காமை எத்தகைய ஆபத்து என்பதையும் அம்பாறை காட்டியது. இந்த இடத்தில்தான் தமிழ் இளைஞர்களுக்குரிய பணி ஒன்று காத்திருக்கிறது என நான் நினைக்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலையகத்தின் மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் கூறுவதால், அந்தக் கடமை அரசுக்குரியது. அதை நாம் தொடர்ந்து கேட்கவே வேண்டும். ஆனால் மலை சரியும் இரவில் சட்டத்தை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்க இயலாது.

ஒவ்வொரு திருச்சபையின் வாலிபர் குழுவிலும் சிங்களம் நன்கறிந்த ஓரிருவர் இருப்பர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இதனை ஒருவர் தமிழில் எழுதலாம். மற்றொருவர் கிராம உத்தியோகத்தரிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ கேட்டு உறுதி செய்யலாம். செய்தி வெளியான திகதியும் நேரமும், பெறப்பட்ட இடமும் அதில் இருப்பது கட்டாயம். ஏனெனில், சென்ற ஆண்டின் வெள்ளப் படமும் நேற்றைய எச்சரிக்கையும் ஒவ்வொரு மழையிலும் புதிதுபோல் உலாவருகின்றன. குழப்பம் விளைவிப்பதில் அவை பொய்க்குச் சற்றும் குறைந்தவையல்ல. சரிபார்க்க முடியாத செய்தியை அனுப்பாமல் வைத்திருக்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும். அதற்கு எவரும் விருப்பக்குறி இடப்போவதில்லை. அழுகின்ற தாயின் முகத்தைப் படமெடுத்துப் போடாமல் இருப்பதற்கும் அப்படித்தான்.

இதே ஒழுங்கில் குடிநீர், பழுதடைந்த பாலம், பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் போன்றவற்றையும் படமும் திகதியுமாகப் பதிவுசெய்து பிரதேச சபைக்குக் கொடுக்கலாம். ஆனால் மழைக்காலப் பணியிலிருந்து தொடங்குவதே நல்லது; அதன் பயன் உடனே தெரியும்.

இன்னொரு காரியமும் உண்டு. வலையமைப்புச் சமிக்ஞை கிடைக்காத லயங்கள் மலையகத்தில் பல. கைத்தொலைபேசி வைத்திராத வயோதிபர்களும் உள்ளனர். அவர்களுடைய பெயர்களை வானம் தெளிந்திருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி, எந்த வீட்டுக்கு எவர் நடந்து செல்வது என்பதையும் பக்கத்திலே குறித்து வைக்கட்டும்.