திடல் போனாலும் பெயர் நிற்கட்டும்



1921 ஜனவரியில் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அப்போது அழைக்கப்பட்ட நம் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. மலாய் மாநிலங்கள் கொடுத்த பணத்தில் பிரிட்டன் கட்டிய கப்பல் அது. கரையிறங்கிய மாலுமிகள் உள்ளூர்க்காரர்களோடு பந்தாடினார்கள். கிடைத்த உபசரிப்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். ஒன்று ரக்பிக்கு, மற்றது காற்பந்துக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணம்தான் பிறகு மலேசியக் கிண்ணம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் இறுதியாட்டம் கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. மறு ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தை வென்றது. இதுவரை 33 முறை வென்றிருக்கிறது. கடைசி வெற்றி 2015இல்.

நூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆட்டத்தின் கோல் கணக்கை இன்று தயங்காமல் சொல்ல முடிகிறது. யாரோ அன்றைக்கே உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான் முடிகிறது. அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களிலும், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் நம்மவர்கள் ஆடிய ஆட்டங்களில் எத்தனைக்குக் கோல் கணக்கு இருக்கிறது? இந்த மாதம் உங்களிடம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

எல்லோருக்கும் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய மனிதர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் அவர்தான். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. போகாத பயணமாகவே அது முடிந்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது வயது 35. 2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்த நம் பிள்ளைகள் பலர், அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஆறுமுகம் நாட்டுக்காக எத்தனை ஆட்டங்கள் ஆடினார்? 196 என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்னோர் அணியின் ‘பி’ குழுவோடும் வெளிநாட்டுச் சங்கங்களோடும் ஆடியவற்றை அனைத்துலக விதி கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறுகிறது. அவரோடு ஆடிய சோ சின் ஆனுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஓய்வுபெற்றுப் பல பத்தாண்டுகள் கழித்து, ஆட்டம் ஆட்டமாகச் சரிபார்த்த பிறகு, 195 அதிகாரபூர்வ ஆட்டங்கள் என்று அவர் கணக்கு உறுதியானது. அதுதான் அப்போது உலகச் சாதனை. 2022இல் குவைத்தின் பதர் அல் முத்தாவா அதைத் தாண்டினார்; 2023 மார்ச்சில் ரொனால்டோ அவரையும் தாண்டினார். நம் ஊர்த் திடலில் ஆடிய ஒருவரின் பெயர் ரொனால்டோவின் பெயரோடு சேர்த்துப் படிக்கப்பட்டது என்றால், பழைய தாள்களைப் பொறுமையாகப் புரட்டியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

தேசிய வீரர்களுக்கே இந்த நிலை. சங்கங்களின் நிலை இன்னும் மோசம். அண்மைக் கதையையே பாருங்கள். மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றத்தின் பெயரையும் இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயரையும் தாங்கி மிஸ்க்-மிஃபா என்ற குழு களமிறங்கியது. மூன்றாம் நிலை லீக்கிலிருந்து ஏறி 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப்பெயரோடு, கிளானா ஜெயா அரங்கத்தைத் தாயகமாகக் கொண்டு, நாட்டின் உச்ச நிலையான சூப்பர் லீக்குக்குள் நுழைந்தது. 2022இல் பயிற்சியாளர் பி. மணியத்தின் கீழ், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழு சீசனையும் ஆடியது. மற்றக் குழுக்கள் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களை நம்பியிருந்த லீக்கில் அது பெரிய துணிச்சல். நம் காற்பந்து வரலாற்றில் தனி அத்தியாயம் பெற வேண்டிய ஆண்டு அது என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆண்டு முடிவில் சங்கம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் பழைய பெயரில் ஆடிய ஆட்டங்கள் ஒரு பக்கமும் புதுப்பெயரில் ஆடியவை இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை ஒரே ஏட்டில் சேர்த்து வைக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். ஆடியவர்கள் எல்லோரும் இன்னும் இளைஞர்கள், கேட்டால் சொல்வார்கள்.

தோட்டத்துக் குழுக்களுக்கு அந்த வசதி இல்லை. வாரம் முழுக்கப் பால்மரம் வெட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு மோதினார்கள். லயமே திரண்டு வந்து திடலைச் சுற்றி நிற்கும். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகவும் யூ.எஸ்.ஜே.யாகவும் மாறியது. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த வட்டாரத்தில் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்குத் தேசிய அரங்கம் எழுந்தது. அதே அரங்கத்தில்தான் 2010 டிசம்பர் 26 அன்று, கே. ராஜகோபாலின் பயிற்சியில் நம் அணி இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஆசியான் கிண்ணத்தை ஏறக்குறையக் கைக்குள் கொண்டு வந்தது. எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்த அணி அது. அந்த வெற்றி ஏட்டில் இருக்கிறது. அந்த மண்ணில் அதற்கு முன்பு ஆடிய தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்கள் எங்கே?

பெயர்கள் தொலையாமல் காத்த ஊரும் உண்டு. மெல்பர்னில் பிள்ளைகள் வசிக்கும் வாசகர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அடுத்த முறை போகும்போது அங்குள்ள ஏதாவது ஒரு புறநகர்ச் சங்கத்தின் கட்டடத்துக்குள் எட்டிப் பாருங்கள். 1859இல் அந்த நகரத்தில்தான் ஆஸ்திரேலியக் காற்பந்தின் விதிகளை முதன்முதலில் எழுதினார்கள். காலிங்வுட், ரிச்மண்ட், எசண்டன் என்று இன்று நாடறிந்த சங்கங்கள் எல்லாம் புறநகர்களின் பெயரைச் சுமப்பவைதான். பெரிய சங்கங்களை விடுங்கள். சம்பளமே இல்லாமல் ஆடும் கடைசிப் பிரிவுச் சங்கங்களில்கூடச் சுவரில் மரப்பலகை தொங்கும். தலைவர்கள், அணித்தலைவர்கள், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், நூறு ஆட்டங்களைக் கடந்தவர் என்று ஆண்டுவாரியாகப் பெயர்கள் இருக்கும். போரில் மாண்ட உறுப்பினர்களுக்குத் தனிப் பலகை வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. அவர்கள் நம்மைவிடப் பந்தை அதிகம் நேசித்தவர்கள் என்று நான் நம்பவில்லை. செயலாளர் என்று ஒருவர் இருந்தார், அவரிடம் ஓர் ஏடு இருந்தது, அவருக்குப் பின் வந்தவர் அதைத் தூக்கி எறியவில்லை.

நம் பெயர் முறையும் பழைய ஆட்டக்காரர்களைத் தேடுவதைக் கடினமாக்குகிறது. ஒரே ஓர் எழுத்தை முதலெழுத்தாகப் போட்டு நாளிதழ் அச்சிட்ட ‘எம். கிருஷ்ணன்’ எந்தத் தோட்டத்துக் கிருஷ்ணன் என்று இன்று யார் சொல்ல முடியும்? ஆங்கிலத்தில் ஒரே ஆளின் பெயரை நான்கு விதமாக எழுதினார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை, தமிழ் முரசு உட்பட, மின்வடிவில் வைத்திருக்கிறது. அங்கே தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதன் விளையாட்டுப் பக்கங்களை வெட்டி ஒட்டி வைத்த குடும்பங்கள் இருந்தால், அந்த நோட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கும் நகையைவிடக் குறைந்ததல்ல.

வரும் இதழ்களில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். தோட்டத்துக் குழு, பள்ளிக் குழு, ரயில்வே குழு, கோயில் இளைஞர் மன்றக் குழு எதுவாக இருந்தாலும் சரி, படத்தின் நகலை அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். இடமிருந்து வலமாகப் பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். முதலெழுத்தோடு நிறுத்தாமல் தந்தையின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, எதிரணி, கோல் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் அப்படியே குறிப்பிடுங்கள். ஊகத்தை உண்மைபோல் எழுத வேண்டாம். பெண்கள் ஆடிய வலைப்பந்து, பூப்பந்துக் குழுக்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்களைப் பற்றிய பதிவு இன்னும் குறைவு.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அணியில் இருந்த பதினொரு பேரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்