கூலியில் எட்டுக் காசு

உழைக்கும் வலிமை உள்ளபோதே உழைப்பு ஓயும் நாளை எண்ணிப் பார்த்தல் அறிவுடையோர் இயல்பு. பொருளின் இன்றியமையாமையை உணர்த்த வள்ளுவப் பெருந்தகை 'பொருள் செயல்வகை' எனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், பொருளை ஈட்டுவது பற்றிப் பேசும் அளவுக்கு முதுமைக்கென அதனை எடுத்துவைப்பது பற்றி நம் இல்லங்களில் பேச்சு எழுவதில்லை. மகளின் திருமணத்திற்கு நகை சேர்க்கிறோம். மகனின் படிப்புக்குக் கடன் வாங்குகிறோம். வீட்டின்மேல் மாடி எழுப்புகிறோம். அறுபதுக்குப் பின் மாதந்தோறும் அடுப்பெரிய என்ன வழி என்ற வினா மட்டும் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சி மாநகரில் இவ்வினா இன்னும் கூர்மையானது. பட்டு நெசவாளர் மாதச் சம்பளம் பெறுவோர் அல்லர். நெய்து முடித்த சேலைக்கே கூலி. குழித்தறியில் அமர்ந்து கால் மிதிக்க வேண்டும். கண் இழையைப் பிரித்தறிய வேண்டும். முதுகு வளைந்து கொடுக்க வேண்டும். இம்மூன்றும் தளரும்போது ஒரு சேலைக்கு ஆகும் நாள்கள் கூடுகின்றன. மாத வருவாய் குறைகிறது. அலுவலகப் பணியாளருக்கு ஓய்வு ஒரே நாளில் மாலையும் பாராட்டுரையுமாக வருகிறது. நெசவாளருக்கோ அது பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக, வருவது தெரியாமலே வந்து சேர்கிறது.

சேமிப்பு இல்லாத இடத்தைக் கடன் நிரப்பிவிடும். தனியாரிடம் நெய்வோர் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் முன்பணம் பெறுவது நெடுநாள் வழக்கம். அக்கடன் தீராத வரையில் வேறிடத்தில் கூடுதல் கூலி கேட்டுச் செல்லும் உரிமையும் நெசவாளருக்கு இல்லை. தந்தையின் கை ஓயும்போது கடன் மகனின் தோளில் ஏறுகிறது. ஆகவே, முதுமைக்குச் சேமியாமை ஒரு முதியவரின் துன்பத்தோடு முடிவதன்று. அடுத்த தலைமுறையின் உரிமையையும் அது அடகு வைத்துவிடுகிறது.

பஞ்சத்தால் வாடிய காஞ்சியில் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்ததைக் காப்பியம் கூறும். அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் நமக்கு வாய்க்கவில்லை. எனினும், சிறுகச் சேர்த்துப் பலரும் பயன்பெறும் முறைக்கு இவ்வூர் முன்னோடியாயிற்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது காஞ்சிபுரத்தில்தான். இதனை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டமும் அவ்வழியில் வந்ததே. கூலியாகப் பெறும் ஒவ்வொரு ரூபாயிலும் நெசவாளர் எட்டுக் காசு செலுத்துகிறார். தமிழக அரசு நான்கு காசு சேர்க்கிறது. அளவில் சிறிதாயினும் அமைப்பில் இது சிறந்ததெனக் கருதுகிறோம். காரணங்கள் மூன்று. கூலி கைக்கு வருமுன்னரே சேமிப்பு பிரிந்துவிடுவதால் மனவுறுதியை நம்பியிருக்க வேண்டுவதில்லை. கூலியின் ஒரு பங்காக அமைந்திருப்பதால், கூலி உயரும்போது சேமிப்பும் தானே உயர்கிறது. உழைப்பவர் தனித்து விடப்படாமல் இன்னொரு கையும் சேர்ந்து தாங்குகிறது.

குறை யாதெனின், கூட்டுறவுச் சங்கத்திற்கு வெளியே, தனியார் வணிகருக்கு நெய்வோர்க்கு இந்த ஏற்பாடு இல்லை என்பதே. அங்கும் இதே முறை வரவேண்டும் என்பது நம் துணிபு. ஒரு சேலைக்குக் கூலி 10,000 ரூபாய் எனக் கொண்டால், நெசவாளர் பங்கு 800 ரூபாய். வணிகர் சேர்க்க வேண்டியது 400 ரூபாய். பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் சேலையில் இத்தொகை எந்த வணிகரையும் வீழ்த்திவிடாது.

தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞருக்கும் ஒரு சொல். அங்கே வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளர் தம் ஊதியத்தில் நூற்றுக்கு 12 பங்கு செலுத்த, நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. தந்தைக்குக் கிட்டாத பேறு இது. ஆயினும், வேலை மாறும்போதெல்லாம் அந்நிதியை எடுத்துக் கைப்பேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் செலவிடுவோர் உளர். பத்தாண்டுப் பணி சேர்ந்தால்தான் அதில் மாத ஓய்வூதியத்திற்கு உரிமை பிறக்கும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தொடங்கும் வயதே இங்குத் தலையாயது. 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். வருமான வரி செலுத்துவோர்க்கு மட்டும் 2022 அக்டோபர் முதல் இடமில்லை. அறுபது வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் போதும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். முன்னவர் 42 ஆண்டுகளில் கட்டுவது 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் கட்டுவது 3,48,960 ரூபாய். பயன் ஒன்றே, காலம் தாழ்த்தியதற்கு விலை மும்மடங்கு.

எனினும், இதுவே போதும் என மயங்கலாகாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால், 42 ஆண்டுகள் கழித்துப் பெறும் 5,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 430 ரூபாய் அளவே. ஆகவே இது அடித்தளம் மட்டுமே; அதன்மேல் வருவாயின் ஒரு பங்கை ஆண்டுதோறும் உயர்த்திச் சேமித்தலே முதுமையைக் காக்கும்.

'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்பர் சிலர். பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு, வாடகை உண்டு. தம் மருந்துச் செலவைத் தாமே ஏற்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அன்பு குறைவதில்லை. அது பாரமின்றி வாழ்கிறது.

'வட்டி நமக்கு ஆகாதே' எனத் தயங்கும் அன்பர்களும் நம் சமுதாயத்தில் உளர். அவர்தம் பற்றுறுதியை மதிக்கிறோம். ஆயின், வட்டியை விலக்குதல் வேறு, சேமிப்பை விலக்குதல் வேறு. மலேசியாவில் உங்கு அசீஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1959-இல் முன்வைத்த கருத்தின் வழியே, 1963-இல் ஹஜ் பயணத்திற்கான சேமிப்பு நிறுவனம் எழுந்தது. எளிய மக்கள் சிறுகச் சேர்த்த பணத்தை ஏற்புடைய தொழில்களில் இட்டு, ஆதாயத்தைப் பகிர்ந்தளிக்கும் தாபுங் ஹாஜி அது. புனிதப் பயணத்திற்கு இயன்றது முதுமைக்கு இயலாதா? பங்கு வணிகம், வாடகைக்குரிய கடை, நிலம் எனக் கூட்டாகச் செய்யத்தக்கவை பல உள. ஜகாத் ஆதரவற்றோரின் இடர் தீர்க்கும் அறம்; வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரை அதற்குக் கையேந்தும் நிலைக்குத் தள்ளாதிருத்தல் அதற்கும் முந்திய கடமை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விழைகிறோம். மாதந்தோறும் மிகையான ஆதாயம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டிய நிறுவனங்கள்மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப் பிரிவினர் வழக்குத் தொடுத்ததை வடமாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். முதுமைக்கு வைத்த பணம் இழந்தால் மீண்டும் ஈட்ட இயலாத பணம். அதனைப் பேராசையின் கையில் ஒப்படைத்தல் தகாது.

மாணவச் செல்வங்கள் முதல் ஊதியம் பெறும் நாளிலேயே ரூபாய்க்கு எட்டுக் காசையேனும் பிரித்துவைக்கப் பழகட்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறையில் எடுத்துரைக்கட்டும். சமுதாயப் பெரியோரும் வணிகச் சான்றோரும் தம்மிடம் உழைப்போர்க்கு அந்த நான்கு காசைச் சேர்த்தளிக்க முன்வரட்டும். அரசின் ஆணைக்குக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடிய பணி இது.